சம்பள இடைவெளி அறிக்கை எல்லோர் பார்வைக்கும் வர வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டார நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களைப் பரிசீலித்து ஆலோசனை கூறுவது என் தொழில். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்குள்ள நேட்டாலுக்கு வந்த நம் முன்னோரில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி என்று வெளிப்படையாகவே விதித்திருந்தார்கள். இன்று எந்த முதலாளியும் அப்படி எழுதி வைப்பதில்லை. ஆயினும் வேறுபாடு பட்டியலுக்குள் இருக்கிறது.

அது நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். நேர்முகத் தேர்வில் முந்தைய வேலையின் பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கி, அதற்குமேல் கொஞ்சம் கூட்டிச் சம்பளத்தை நிர்ணயிக்கிறார்கள். வேலைகளைத் தரம் பிரிக்கும் பேட்டர்சன் முறையில் ஒரே தரத்திலுள்ள கிடங்கு மேற்பார்வையாளர் இருவரில் ஆண் 22,000 ராண்டிலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கிடைத்த குறைந்த சம்பள வேலையிலிருந்து வந்த பெண் 18,000 ராண்டிலும் சேர்வதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 6 சதவீத உயர்வு கொடுத்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 4,000 ராண்டாக இருந்த வேறுபாடு ஒரே ஆண்டில் 4,240 ஆகிவிடுகிறது. போனஸும் ஓய்வூதியப் பங்களிப்பும் அந்தச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், பணி ஓய்வுக்குப் பின்னும் இழப்பு அந்தப் பெண்ணை விடுவதில்லை.

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 2014 ஆகஸ்டு முதல் நடைமுறையிலுள்ள 6(4) பிரிவு, சம மதிப்புள்ள வேலைக்குப் பாலின அடிப்படையில் சம்பளம் மாறுவதைப் பாகுபாடு என்கிறது. அருகில் வேலை செய்பவருக்கு என்ன சம்பளம் என்றே தெரியாத பெண் எதை வைத்து வழக்காடுவார்? இத்தனைக்கும் கணக்கு ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. இதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இன, பாலின, பதவிநிலை வாரியாகச் சம்பள விவரங்களை இ.இ.ஏ.4 படிவத்தில் நிரப்பி ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்புகின்றன. ஆள்களின் எண்ணிக்கையைக் காட்டும் இ.இ.ஏ.2 அறிக்கை பொது ஆவணம். சம்பளத்தைக் காட்டும் இ.இ.ஏ.4 மட்டும் இரகசியம். இந்த இரகசியத்தை நீக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தனிநபர் சம்பளம் அம்பலமாகிவிடும் என்று முதலாளிகள் அஞ்சத் தேவையில்லை. நான் கேட்பது ஒவ்வொரு பதவிநிலையிலும் ஆண், பெண் இருபாலாருக்குமான இடைநிலைச் சம்பளத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை மட்டுமே.

பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் 2017 முதல் ஆண், பெண் சம்பள இடைவெளியை வெளியிட்டே ஆக வேண்டும். எனினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆணையே எனக்கு உகந்ததாகப் படுகிறது: ஒரு பணிப்பிரிவில் நியாயமான காரணமின்றி 5 சதவீதமோ அதற்கு மேலோ இடைவெளி நீடித்தால், தொழிலாளர் பிரதிநிதிகளுடன் சேர்ந்து சம்பளங்களை மறுஆய்வு செய்ய அது கட்டாயப்படுத்துகிறது. நம் 2024 நிறுவனச் சட்டத் திருத்தம் உச்ச 5 சதவீதத்தினருக்கும் கடைசி 5 சதவீதத்தினருக்கும் உள்ள இடைவெளியைத்தான் கேட்கிறது, பாலினத்தைக் கேட்கவில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சக ஊழியருடன் சம்பளத்தைப் பற்றிப் பேசும் உரிமையை அடிப்படைப் பணிநிலைச் சட்டத்தின் 78ஆம் பிரிவு உங்களுக்கு அளித்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் வேலைவாய்ப்புச் சமத்துவக் குழுவில் இருப்பவர்கள், கலந்தாலோசனைக்குத் தேவையான தகவலைத் தர வேண்டும் என்னும் 18ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, அடுத்த கூட்டத்திலேயே பதவிநிலை வாரியான சம்பள விவரத்தை எழுத்துமூலம் கேளுங்கள்.