முனகி அடங்கும் கம்ப்ரசர் என்ன சொல்கிறது?

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் மதுரை வில்லாபுரத்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. ஏழு ஆண்டுகளாக ஓடும் அவர் வீட்டு ஒன்றரை டன் ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மொட்டைமாடியில் இருக்கும் அவுட்டோர் பெட்டி சில நொடிகள் ‘ம்ம்ம்’ என்று முனகி, ‘டக்’கென்ற ஒலியுடன் அடங்கிவிடுகிறது, சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் முனகுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றாமல், கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்றாராம். பக்கத்து வீட்டுக்காரரோ, கெப்பாசிட்டர்தான் பழுது, சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்கிறாராம். யாரை நம்புவது?

அந்த முனகலை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்த முனகல் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், மெக்கானிக்கிடம் என்ன அளந்து காட்டச் சொல்ல வேண்டும் என்பது விளங்கிவிடும்.

ஏசியின் அடிப்படை பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், ஆவி திரவமாகும்போது வெப்பத்தை விடும். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் நிரப்பப்படும் ஆர்-32 வாயு, அறைக்குள் இருக்கும் குழாயில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 10 மடங்கு அழுத்தத்தில் ஆவியாகிக் குளிர்விக்கிறது. வெளிப்பெட்டியில் 30 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் திரவமாகி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இந்த 10ஐ 30 ஆக்குவது கம்ப்ரசரின் வேலை. பார்வைக்கு அது பற்றவைத்து மூடிய ஓர் இரும்பு உருளை. மோட்டார், அழுத்தும் பம்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் அதற்குள்ளேயே இருப்பதால் வெட்டித் திறந்தாலன்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

நம் கதை அந்த மோட்டாரில் இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் மாறுமின்னோட்டம். அதை ஒரு கம்பிச்சுருளுக்குள் செலுத்தினால் உண்டாகும் காந்தப்புலம் ஒரே கோட்டில் வளர்ந்து, தேய்ந்து, திசை மாறி, மீண்டும் வளர்கிறது. நொடிக்கு 50 முறை இப்படி முன்னும் பின்னும் அசைகிறதே தவிர, சுழல்வதில்லை. நின்றுகொண்டிருக்கும் ரோட்டாருக்கு (மோட்டாரில் சுழல வேண்டிய பாகம்) எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்ல அந்தப் புலத்திடம் எதுவும் இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இழுபட்டு, அது நின்ற இடத்திலேயே அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நாம் கேட்கும் முனகல்.

மீனாட்சியம்மன் கோவிலுக்குக் கிழக்கே புதுமண்டபத்தில் மிதி இயந்திரங்களை வரிசையாகப் போட்டுத் தைத்த தையற்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மிதிப்பலகை முழுவதும் மேலேயோ முழுவதும் கீழேயோ நின்றுவிட்டால், காலால் எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது. தையற்காரர் வலக்கையால் மேல்சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டுவார். அதன்பிறகு கால் மட்டுமே போதும், நாள் முழுவதும் ஓடும். சுண்டலின் திசைதான் ஓட்டத்தின் திசை. தவறிப் பின்பக்கம் சுண்டிவிட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரும் அப்படியே. ஒரு திசையில் கொஞ்சம் சுழலத் தொடங்கிவிட்டால், முன்னும் பின்னும் அசையும் அதே புலமே அந்தத் திசையில் அதைத் தொடர்ந்து இழுத்துச் செல்லும். தடையெல்லாம் முதல் சுண்டலுக்கு மட்டும்தான். மூடிய இரும்பு உருளைக்குள் கைவிட்டுச் சுண்ட முடியாதே!

அந்தக் கையின் வேலையைக் கெப்பாசிட்டர் செய்கிறது. மோட்டாருக்குள் முதல் சுருளுக்குக் குறுக்காக, 90 பாகை தள்ளி, இரண்டாவது சுருள் ஒன்று சுற்றப்பட்டிருக்கும். அதற்குச் செல்லும் மின்னோட்டத்தை ஒரு கெப்பாசிட்டர் வழியாக அனுப்பினால், அது முதல் சுருளின் மின்னோட்டத்துக்குச் சற்று முந்தி எழுகிறது. இடத்தால் விலகிய இரண்டு சுருள்கள், காலத்தால் விலகிய இரண்டு எழுச்சிகள். இரண்டும் கூடும்போது அசைந்துகொண்டிருந்த புலம் சுழலும் புலமாகிறது. நேரத்தால் விலகிய இரண்டு மின்னோட்டங்களைக் கொண்டு காந்தப்புலத்தைச் சுழலச் செய்யலாம் என்பதை இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் 1885இல் செய்து காட்டினார். நிக்கோலா டெஸ்லா அதே கருத்துக்கு 1888இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு இதில் வியப்புக் குறைவதில்லை. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு டப்பா, வெறும் கால விலகலைக் கொண்டு ஒரு சக்கரத்துக்குத் திசை சொல்லிவிடுகிறது.

அந்த டப்பா தேயும் விதமும் அழகானது. உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. மின்னழுத்தம் எகிறித் தாளில் எங்காவது துளை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் நொடிக்குள் ஆவியாகி விலகிவிட, துளை தனித்துவிடப்படுகிறது. கெப்பாசிட்டர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. ஆனால் ஒவ்வொரு தழும்பும் பூச்சின் பரப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. வெயிலில் வேகும் பெட்டிக்குள் சில கோடைகளைக் கடந்ததும், மேலே 50 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்திறனை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருக்கும், அளந்தால் 35தான் இருக்கும். தலை உப்பியிருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். உப்பாமலும் தேய்ந்திருக்கலாம் என்பதால் மீட்டரில் அளக்காமல் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது தவறு. அச்சிட்ட அளவிலிருந்து பொதுவாக 5 விழுக்காடு வரை விலகலாம். அளப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்னேற்றத்தையும் வடித்துவிட வேண்டியிருப்பதால், இது வீட்டில் இருப்பவர்கள் செய்து பார்க்கும் வேலையன்று.

இனி அந்த ‘டக்’. சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்படியே விட்டால் சுருள் கருகிவிடும். அதைத் தடுக்கும் ஓவர்லோடு என்ற பாகத்தில், வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த குழிவான தகடு ஒன்று இருக்கிறது. சித்திரைத் திருவிழாக் கடைகளில் வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பிய தகரத் தவளைதான் அது. சூடேறியதும் தகடு மறுபக்கம் குழிந்து இணைப்பைத் துண்டிக்கிறது, ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி மீண்டும் இணைக்கிறது. வாசகி கேட்டது, தன் கம்ப்ரசரைக் காப்பாற்ற ஓவர்லோடு எடுத்த முயற்சியின் ஒலி. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முயற்சியிலும் சுருளின் கம்பிகளைக் காக்கும் வார்னிஷ் பூச்சு கொஞ்சம் வேகிறது. இரண்டு முறை கேட்டதும் ஏசியை அணைத்துவிட வேண்டும்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தும் முனகலாம். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் விசையில் ஏறக்குறைய 61 விழுக்காடுதான் மிஞ்சும். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் மே மாத இரவு பத்து மணிக்குக் கிளம்பாத கம்ப்ரசர் விடியற்காலையில் கிளம்புகிறதென்றால், சந்தேகம் முதலில் மின்னழுத்தத்தின்மீது விழ வேண்டும். மின்சாரம் போய் உடனே திரும்பும்போதும் இதே நிலைதான்: இரு பக்க அழுத்தங்களும் இன்னும் சமமாகியிராது, அந்த எதிர்ப்பை மீறி மோட்டாரால் திரும்ப முடியாது. ஏசி மூன்று நிமிடம் காத்திருந்து கிளம்புவது சோம்பலால் அன்று, அழுத்தம் சமமாகட்டும் என்பதற்காக.

இவையெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகே கம்ப்ரசரைக் குற்றம்சாட்டலாம். சரியான மின்னழுத்தமும் புதிய கெப்பாசிட்டரும் கொடுத்தும் முனகினால், உள்ளே தேய்ந்து இறுகி ஜாம் ஆகியிருக்கலாம். ஏசியைப் போட்டதும், மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்தால் சுருளில் ஷார்ட் இருக்கலாம், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் சுருளிலிருந்து உருளைக்கு மின்சாரம் கசியலாம். இவ்விரண்டு நிலையிலும் சுவிட்சை மறுபடியும் மறுபடியும் தூக்கிவிட்டுப் பார்ப்பது ஆபத்து. கம்ப்ரசர் தலையில் உள்ள மூன்று முனைகளில், இரண்டு சுருள்களும் சேரும் பொது முனையிலிருந்து மற்ற இரண்டுக்கும் தனித்தனியே உள்ள மின்தடைகளைக் கூட்டினால், அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தடை வர வேண்டும். வராவிட்டால் சுருள் போய்விட்டது. மின்கசிவுக்கு, மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மிகவும் குழப்புவது, ஓடியும் குளிராத கம்ப்ரசர். மெக்கானிக்குகள் இதைப் ‘பம்பிங் இல்லை’, ‘கம்ப்ரசர் வீக்’ என்பார்கள். கேஸ் கசிந்திருந்தாலும் குளிர் குறையும், கம்ப்ரசர் வீக்கானாலும் குறையும். கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் இரண்டிலும் ஆம்பியர் குறைவாகவே காட்டும். பிரித்துக் காட்டுவது, வெளிப்பெட்டியில் வந்து சேரும் இரண்டு குழாய்களில் தடித்த குழாயின் வால்வில் மாட்டும், அழுத்தம் காட்டும் கேஜ்தான். கேஸ் குறைந்திருந்தால் அங்கே அழுத்தம் தாழ்ந்திருக்கும், மெல்லிய குழாயின் நட்டில் பனி படியவும் கூடும். பம்பு தேய்ந்திருந்தால் அழுத்தம் இயல்பைவிட உயர்ந்து நிற்கும், வாயு இழுபடவில்லை என்பதால். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் அறிவேன்.

என் உறவினர் ஒருவர் அவுட்டோர் பெட்டியை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்து, மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த இடுக்கில் மாட்டி, எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார். வெளியே தள்ளிய அனல் வெளியேற வழியின்றி அதே பெட்டிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. ஏசியின் குளிர்விக்கும் திறன் வழக்கமாக 35 பாகை வெளிவெப்பத்தில் அளந்து குறிக்கப்படுகிறது. மதுரையின் மே மாதம் 40ஐத் தாண்டும், அந்த இடுக்கோ அதையும் தாண்டும். வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஆம்பியரும் ஏறும். கம்ப்ரசருக்குக் கண்ணேறு உண்டென்றால் அது இதுதான். நம் வெயிலுக்கும் நம் மின்னழுத்தத்துக்கும் கம்ப்ரசர்கள் எப்படிச் சாகின்றன என்று, பழுதான உருளைகளை வெட்டிப் பார்த்துப் பதிவு செய்யும் ஒரு சிறு ஆய்வுக்கூடம் இந்த ஊரின் பொறியியல் கல்லூரி ஒன்றில் இருந்தால் அரசுக்குப் பெரிய செலவாகாது. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும் உருளைகளே அதற்கு மூலப்பொருள்.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கெப்பாசிட்டர் கதை பொருந்தாது. அதில் மின்னணுப் பலகையே மூன்று ஃபேஸ் உண்டாக்கிச் சுழற்றுகிறது. கம்ப்ரசர் என்று சொல்லப்படும் பழுது பலகையில் இருக்கலாம். திரையில் வரும் பிழைக் குறியீட்டை அணைப்பதற்கு முன் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வாசகியின் ஏசி இன்வெர்ட்டர் வகையன்று. அவர் கேட்க வேண்டியவை மூன்று அளவுகள்: கிளம்பும் நேரத்து வோல்ட், கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட், சுருள்களின் ஓம். அவற்றைப் பார்த்த பிறகும் கம்ப்ரசர்தான் என்று முடிவானால், பழையதன் எண்ணெய் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். சுருள் எரிந்திருந்தால் அது கருத்து, மூக்கைத் துளைக்கும் நெடியடிக்கும். அதில் அமிலம் இருப்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. அந்த எண்ணெயின் மிச்சம் வீட்டுக் குழாய்கள் முழுவதும் படிந்திருக்கும். குழாய்களைக் கழுவாமல், வேக்யூம் பம்பைப் போதிய நேரம் ஓட்டிக் காற்றையும் ஈரத்தையும் இழுக்காமல், கொஞ்சம் கேஸை ஊதித் தள்ளிவிட்டு ‘முடிந்தது’ என்று புதியதை மாட்டினால், ஆர்-32 ஏசிகள் பலவற்றின் எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சி மீண்டும் அமிலமாகி, புதிய சுருளின் வார்னிஷை அரிக்கத் தொடங்கிவிடும்.