அங்கதம்: ஏச்சுக்கும் எள்ளலுக்கும் இடையிலுள்ள சொல்

'சட்டயர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது நையாண்டி, கேலி, கிண்டல், எள்ளல், பகடி என்று கைக்கு வந்ததை இட்டு நிரப்புவது செய்தி மொழிபெயர்ப்பில் வழக்கமாகிவிட்டது. அன்றாடப் பேச்சுக்கு இவற்றில் எதுவும் போதும். ஆனால் ஓர் அரசு இன்னொரு நாட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ திரைப்படத்தையோ நிறுத்தச் சொல்லும்போது, வழக்கு முழுவதும் அது சட்டயரா, வெறும் ஏச்சா என்ற கேள்வியில்தான் நிற்கிறது. அங்கே சொல் பிசகினால் செய்தியும் பிசகிவிடும். அந்த இடத்துக்கு உரிய தமிழ்ச் சொல் அங்கதம்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனின் 'சதுரா'. நிறைந்தது என்று பொருள்படும் 'சதுர்' என்பதிலிருந்து வந்தது அது; பலவகைப் பொருள்கள் நிரம்பிய தட்டு 'லாங்க்ஸ் சதுரா' எனப்பட்டது. பல பொருள்களைக் கலந்து பாடிய பாட்டுக்கு அப்பெயர் ஆகி வந்து, ரோமானியக் கவிஞர்களான லூசிலியஸ், ஹொரேஸ், ஜுவெனல் ஆகியோர் கையில் ஊரின் குற்றங்களைக் குத்திக் காட்டும் கவிதை வகையாக இறுகியது. கிரேக்க நாடகங்களில் வரும் 'சாட்டிர்' என்னும் காட்டுத் தெய்வத்திலிருந்தே சொல் பிறந்தது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினார்கள். அது தவறென 1605-இல் ஐசக் கசோபன் என்ற செவ்வியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். ஒலி ஒத்திருப்பதை வைத்துச் சொல்லுக்கு வேர் தேடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்று ஆறுதல் கொள்ளலாம்.

தமிழில் 'அங்கதம்' என்றால் தோளில் அணியும் வளையும் ஆகும்; வாலியின் மகன் பெயரும் அதை நினைவூட்டும். அவை வேறு. நாம் பேசும் அங்கதம் தொல்காப்பியச் செய்யுளியலில் வருவது. 'வசையொடும் நசையொடும் புணர்ந்தன்று ஆயின்' அது அங்கதச் செய்யுள் என்கிறது அந்நூல். வசை என்றால் பழித்தல், நசை என்றால் விருப்பம். இரண்டும் கூடி வர வேண்டும் என்ற இந்த நிபந்தனைதான் மற்றச் சொற்களிலிருந்து அங்கதத்தைப் பிரிக்கிறது. மேலும் அந்நூல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக வகுக்கிறது. முகத்துக்கு நேரே பழித்தால் அது செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றே பெயர். சொல்லை மறைத்துச் சொன்னால் அது பழிகரப்பு.

பழிகரப்புக்குச் சிறந்த சான்று புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, உன் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டப்பட்டு, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன; என் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று அவர் பாடினார். பாட்டில் புகழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. அயல்நாட்டு மன்னனை அவன் அரண்மனையிலேயே எள்ளிய தூதர் மீது எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டுவது?

இந்த வகைப்பாடு 2016-இல் ஜெர்மனியில் எழுந்த சர்ச்சைக்கு அப்படியே பொருந்துகிறது. அவ்வாண்டு மார்ச் 17 அன்று வட ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்டிஆர் தொலைக்காட்சியின் 'எக்ஸ்ட்ரா 3' நிகழ்ச்சி துருக்கி அதிபர் எர்டோகனைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றை ஒளிபரப்ப, துருக்கி அரசு ஜெர்மன் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்ததுடன் அதை நீக்கவும் கோரியது. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 31 அன்று, யான் போமர்மான் என்ற நிகழ்ச்சி நடத்துநர் திரையில் தோன்றி, அந்தப் பாட்டு சட்டம் அனுமதிக்கும் அங்கதம் என்றும், அனுமதிக்காதது எப்படி இருக்கும் என்று இப்போது காட்டுவதாகவும் சொல்லிவிட்டு, எர்டோகனைப் பற்றி மிக ஆபாசமான கவிதை ஒன்றை வாசித்தார். கவிதைக்கு அவர் வைத்த தலைப்பு 'ஷ்மேகிரிட்டிக்'. கருத்தை விட்டுவிட்டு ஆளை இழிவுபடுத்துவதையே நோக்கமாகக் கொண்ட பேச்சுக்கு ஜெர்மன் நீதிமன்றங்கள் வழங்கும் பெயர் அது. தொல்காப்பியர் மொழியில் வசை. நசை நீங்கிய வசை.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 103-ஆம் பிரிவு அயல்நாட்டுத் தலைவர்களை அவமதிப்பதைத் தனிக் குற்றமாக வைத்திருந்தது. ஈரான் மன்னர் ஷாவின் பொருட்டு முன்பு எழுந்த வழக்குகளால் அதற்கு 'ஷா பிரிவு' என்ற பட்டப்பெயரும் உண்டு. பாதிக்கப்பட்ட நாடு கோர வேண்டும், ஜெர்மன் அரசு இசைய வேண்டும் என்பது அதன் நடைமுறை. துருக்கி கோரியது, ஏப்ரல் 15 அன்று அப்போதைய ஜெர்மன் ஆட்சித் தலைவர் அங்கேலா மெர்க்கெல் இசைவளித்தார், அதே மூச்சில் அந்தப் பிரிவையே நீக்கப்போவதாகவும் அறிவித்தார். அக்டோபரில் மைன்ஸ் நகர அரசு வழக்குரைஞர்கள் விசாரணையைக் கைவிட்டார்கள். 2018 ஜனவரி 1 முதல் 103-ஆம் பிரிவு இல்லாமல் போயிற்று.

துருக்கி செய்ததைத் 'தணிக்கை' என்று எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. தணிக்கை என்பது தணித்தல் என்ற வினையிலிருந்து பிறந்ததுபோல் தோன்றினாலும், ஆராய்ந்து செப்பனிடுதலைக் குறிக்கும் 'தன்கீஹ்' என்ற அரபிச் சொல் உருது வழியாக வந்து திரிந்தது. தெலுங்கின் 'தனிகீ'யும் அதுவே. கணக்குத் தணிக்கையும் திரைப்படத் தணிக்கையும் ஒரே சொல்லில் அமைந்தது தற்செயல் என்றாலும் பொருத்தம்தான், ஏனெனில் ரோமில் 'சென்சார்' என்ற அதிகாரியும் முதலில் மக்களையும் சொத்தையும் கணக்கெடுத்தவர், பிறகே ஒழுக்கத்தைக் கண்காணித்தவர். வெளியிடும் முன் அரசு சோதித்து வெட்டுவதுதான் தணிக்கை. ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தணிக்கை நடைபெறாது என்று நேராகவே சொல்கிறது. எனவே மேற்கண்டதை அயலரசின் நெருக்குதல் அல்லது தலையீடு என்பதே சரி. 2014 டிசம்பரில், வடகொரியத் தலைவரை எள்ளும் 'தி இன்டர்வியூ' படத்தின் வெளியீட்டை மிரட்டலுக்குப் பின் சோனி நிறுவனம் கைவிட்டு, சில நாளில் இணையத்திலும் சில அரங்குகளிலும் வெளியிட்டதும் இவ்வகைதான். சவுதி அரசு கேட்டதற்கிணங்க, அந்நாட்டில் மட்டும் அமெரிக்க நகைச்சுவையாளர் ஹசன் மினாஜ் நடத்திய நிகழ்ச்சியின் ஒரு பகுதியை நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது தணிக்கைக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் அதுவும் வெளிவந்த பிறகு எடுத்தது.

போமர்மான் செய்தியைத் தமிழில் எழுதுவோர் அவர் வாசித்ததை 'நையாண்டிக் கவிதை' என்பது அவருக்கே பொருந்தாது. அனுமதியில்லாதது இது என்று அவர்தான் முன்கூட்டியே சொன்னார். கவிதை வசை, அதைச் சட்டகமிட்டுக் காட்டிய நிகழ்ச்சி அங்கதம் என்று பிரித்து எழுதலாம். எர்டோகன் தனியாகத் தொடுத்த உரிமையியல் வழக்கில் ஹாம்பர்க் நீதிமன்றம் சட்டகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவிதையை வரிவரியாகப் பிரித்து, 24 வரிகளில் 18-ஐத் தடை செய்து, ஆறு வரிகளை மட்டும் விட்டுவைத்தது.