ரிப்போர்ட்டின் கடைசிக்கு முந்தின வரி

போன வாரம் ஒருவர் வந்தார். கையில் தடிமனான ஃபைல். இடது விலாவுக்குக் கீழே ஏதோ பாரமாக இருக்கிறது, சிறுநீரில் ஒருநாள் ரத்தம் வந்தது, மறுநாள் நின்றுவிட்டதால் விட்டுவிட்டேன், இப்போது மறுபடியும் வந்தது என்றார். புதிதாக எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 7 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. பழைய காகிதம் ஏதாவது இருக்குமா என்று ஃபைலைப் புரட்டினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்கப் பித்தப்பைதான். இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், இடது சிறுநீரகத்தில் 3.2 சென்டிமீட்டர் திடக்கட்டி, கான்ட்ராஸ்ட் சிடி (மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறது.

பித்தப்பையை எடுத்தார்கள், தையலைப் பிரித்தார்கள், ஃபைல் அலமாரிக்குள் போய்விட்டது.

அந்த வரியை நீங்கள் படிக்கவே இல்லையா ஐயா என்று கேட்டேன். படித்தேன் டாக்டர், பயந்துபோய் உடனே கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்தேன், 0.9 இருந்தது, கிட்னி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட்டேன் என்றார். இதே பதிலை இந்த வருடம் மட்டும் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கு விட்டுப்போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. அதைச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டி வெளியேற்றுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உள்ளே கட்டி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன, அதில் ஒரு மூலையில் 3 சென்டிமீட்டர் இடத்தைக் கட்டி பிடித்துக்கொண்டால் மீதி இருப்பவை அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? சிறுநீரக தானம் செய்தவர்களைப் பாருங்கள். ஒரு பக்கச் சிறுநீரகத்தை முழுசாகவே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் கிரியாட்டினின் அதற்குப் பிறகும் நார்மல் எல்லைக்குள்ளேயோ அதை ஒட்டியோதான் இருக்கும். ஒரு சிறுநீரகமே இல்லாமல் போனதைச் சொல்லாத டெஸ்ட், அதன் ஓரத்தில் எலுமிச்சை அளவில் முளைத்ததையா சொல்லப்போகிறது? கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டால் கரண்ட் பில்லை எடுத்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது இது. பில் சரிதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் நான் கேட்டது கூரையைப் பற்றி.

இதே வரிசையில் இன்னும் சில நிம்மதிகள் உண்டு. சிறுநீர் தாராளமாகப் போகிறது. சிறுநீர் டெஸ்ட் சுத்தமாக இருக்கிறது. கால் வீங்கவில்லை. எல்லாம் உண்மைதான், எதுவும் கட்டியைப் பற்றிய செய்தி இல்லை. ‘கேன்சர் ரத்தப் பரிசோதனை’ என்று ஏதோ ஒரு பேக்கேஜில் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், சிறுநீரகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க நம்பி எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் இப்போது வழக்கத்தில் இல்லை.

வலி இல்லையே என்பது அடுத்தது. சிறுநீரகத்தின் உள்சதை வலியைச் சொல்லாது. மேலே இருக்கும் உறை இழுபட்டால் வலிக்கும், கல் போய்க் குழாயை அடைத்தால் தரையில் புரளும் அளவுக்கு வலிக்கும். 3 மில்லிமீட்டர் கல் ஆளைப் பாதி ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும், 3 சென்டிமீட்டர் கட்டி வருடக்கணக்கில் வாயே திறக்காது. நாங்கள் படிக்கும்போது இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், கைக்குத் தட்டுப்படும் கட்டி, இந்த மூன்றும்தான் சிறுநீரகப் புற்றின் அடையாளம் என்று மனப்பாடம் செய்தோம். இன்று அந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம், இருந்தால் பெரும்பாலும் நோய் முற்றிய நிலை. இப்போது கண்டுபிடிக்கப்படுவதில் பாதிக்கும் மேல் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக மாட்டுபவை. அதாவது அந்த வேண்டாத வரி உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

சரி, இப்போது எதிர்ப்பக்கம். ரிப்போர்ட்டில் ‘மாஸ்’, அதாவது கட்டி, என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி முழுக்க ஃபோனில் தேடி, விடிவதற்குள் தனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டு வருபவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். ஒரு அம்மா இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடாமல் எட்டு கிலோ குறைந்து வந்தார். எடை குறைந்ததை வைத்தே தனக்குப் புற்றுதான் என்று முடிவுகட்டியிருந்தார். ஸ்கேனை வாங்கிப் பார்த்தால் அது வெறும் நீர்க்கட்டி.

நீர்க்கட்டி என்பது வயதாக ஆக மிகச் சாதாரணமாக வருவது, முடி நரைப்பதைப் போல. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்போ திடமான பகுதியோ எதுவும் கிடையாது என்றால் அதற்குச் சிகிச்சையும் வேண்டாம், பின்தொடர்தலும் வேண்டாம். சுவர் தடித்திருந்தால், உள்ளே தடுப்புகள் இருந்தால், அதில் ரத்த ஓட்டம் தெரிந்தால் கதை வேறு. இதைத் தரம் பிரிக்கத்தான் போஸ்னியாக் என்ற ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர்) 1986-இல் ஒரு வகைப்பாடு கொடுத்தார், 2019-இல் அதைத் திருத்தினார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் போஸ்னியாக் 1 அல்லது 2 என்று இருந்தால் போய்த் தூங்குங்கள். ‘2 எஃப்’ என்றால் அந்த எஃப், ஃபாலோ-அப்புக்கு. குறித்த மாதத்தில் மறு ஸ்கேன். 3, 4 என்றால் யூராலஜிஸ்டிடம், அதாவது சிறுநீரக அறுவை டாக்டரிடம், உட்கார்ந்து பேச வேண்டியது.

திடக்கட்டி என்றாலும் எல்லாமே புற்று இல்லை. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கில்லாதது. ஆஞ்சியோமயோலிப்போமா என்று ஒன்று உண்டு, கொழுப்பும் தசையும் ரத்தக்குழாயும் கலந்த கட்டி. அதில் இருக்கும் கொழுப்பை சிடி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அது பெரிதானால் உடைந்து ரத்தம் கசியலாம், பயம் அதுதான். ஆன்கோசைட்டோமா இன்னொன்று. அது ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுபோலவே தெரிந்து எங்களையும் ஏமாற்றும். 1990-இல் உலகின் முதல் லேப்ராஸ்கோப்பிச் சிறுநீரக நீக்க அறுவையை, அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையை, அமெரிக்காவில் கிளேமன் என்ற யூராலஜிஸ்டின் குழுவினர் செய்தார்கள். 85 வயதுப் பாட்டி, 3 சென்டிமீட்டர் கட்டி. எடுத்துப் பரிசோதித்தால் ஆன்கோசைட்டோமா! எங்கள் துறையில் இதை ஒரு அசட்டுச் சிரிப்போடுதான் சொல்லிக்கொள்வோம். சில நேரம் கட்டியே இருக்காது, சிறுநீரகத்தின் இயல்பான சதை உள்ளே மடிந்து நின்று அல்ட்ராசவுண்டில் கட்டி மாதிரித் தெரியும்.

ஆக, முதலில் தேவை ஒரு சரியான ஸ்கேன். நான்கு இடத்தில் நான்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 2.8 என்பார், உடனே கரைகிறது டாக்டர் என்று சந்தோஷப்படுவீர்கள். கரையவில்லை, அளந்த கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வேண்டியது சிறுநீரகத்துக்கென்றே எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடி. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை, ஏற்றிய பிறகு குறித்த இடைவெளிகளில் மறுபடியும் எடுப்பார்கள், மருந்தை அந்தக் கட்டி உறிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி. தண்ணீர் உறிஞ்சாது, உயிருள்ள திசு உறிஞ்சும். மருந்து ஏற்றினால் கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள் என்றால், உங்கள் கிரியாட்டினின் இதற்குத்தான் பயன்படும், இங்கே அதைக் கொண்டுவாருங்கள்! வடிகட்டும் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. குறைவாக இருந்தால் எம்ஆர்ஐ உள்ளிட்ட வேறு வழிகளை யோசிப்போம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, முன்பு கான்ட்ராஸ்ட் மருந்தில் அலர்ஜி வந்ததா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியில் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை, ஏன் எடுக்கவில்லை என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள், ஊசி பட்டால் பரவிவிடும், எடுக்காதீர்கள் என்று சிலர் காலில் விழுகிறார்கள். ஊசித்தடம் வழியே பரவுவது மிக மிக அபூர்வம். எல்லோருக்கும் எடுக்காததற்குக் காரணம் அதுவல்ல. ஸ்கேனே தெளிவாகச் சொல்லிவிடும்போது, முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் ஊசி எதற்கு? வேறு உறுப்பிலிருந்து பரவியதா, நிணநீர்ப் புற்றா என்ற சந்தேகம் இருந்தாலோ, ஆபரேஷன் இல்லாமல் கண்காணிக்கலாமா என்று யோசித்தாலோ, கட்டியை உறைய வைத்தோ சுட்டோ அழிக்கப்போகிறோம் என்றாலோ எடுப்போம்.

பிறகு என்ன செய்வது என்பது கட்டியின் அளவு, இடம், உங்கள் வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பொறுத்தது. சிறிய கட்டிகள் சராசரியாக வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. வயதானவர்களுக்கு, இதயம் பலவீனமானவர்களுக்கு, மூன்று மாதம் ஆறு மாதம் என்று ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே முறையான சிகிச்சை, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆனால் சராசரி என்பது சராசரிதான். நான் முதலில் சொன்னவருடையது அதைவிட வேகமாக வளர்ந்தது, அதனால்தான் கண்காணிப்பு என்றால் சொன்ன தேதியில் வர வேண்டும், மறந்துபோவதற்குக் கண்காணிப்பு என்று பெயர் இல்லை. ஆபரேஷன் என்றால், 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியில் முடிந்தவரை கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் இன்றைய வழி. முழுசாக எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பகுதி மட்டும் எடுக்க முடியாதா, ஏன் முடியாது என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று பார்க்காதீர்கள். சரியான காரணம் இருந்தால் சொல்வார், இல்லையென்றால் இன்னொருவரைப் பாருங்கள். சிறிய கட்டிக்கு இரண்டாவது கருத்து கேட்கச் சில வாரம் ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வரும்போது ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுவராதீர்கள், படங்கள் இருக்கும் குறுந்தகட்டையோ லிங்க்கையோ கொண்டுவாருங்கள், பழைய ஸ்கேன்கள் இருந்தால் அதையும். கூட ஒருவரை அழைத்துவாருங்கள், பயத்தில் இருக்கும் காதுக்குப் பாதிதான் கேட்கும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகப் புற்று இருந்ததா, புகைப்பழக்கம் உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகையை இன்றைக்கே விடுங்கள், அது இந்தப் புற்றுக்கான தெளிவான காரணங்களில் ஒன்று. கட்டியைக் கரைக்கும் மூலிகைப் பொடி என்று யார் தந்தாலும் வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்டவர்களுக்கு அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடியால் சிறுநீரகமே செயலிழந்தது, அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றும் வந்தது. இயற்கையானது ஒன்றும் செய்யாது என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் கட்டிகட்டியாக வந்து அடைத்துக்கொண்டாலோ, திடீரென்று விலாவில் கடும் வலி வந்து மயக்கம் வருகிற மாதிரி இருந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரே ஒரு முறை வந்து தானாக நின்றுபோன ரத்தத்தையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தயவுசெய்து.

அந்தப் பெரியவருக்கு இடது சிறுநீரகத்தை முழுசாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கட்டி ரத்தக்குழாய்கள் நுழையும் வாசலை ஒட்டி வளர்ந்துவிட்டது. நல்லவேளை, வேறெங்கும் பரவினதாக ஸ்கேனில் தெரியவில்லை. அவர் மனைவி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நேற்று மறுபடி வந்தார், கையில் தன்னுடைய பழைய ஸ்கேன் ரிப்போர்ட். கர்ப்பப்பைக்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. கடைசி வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார். வலது சிறுநீரகத்தில் 2 சென்டிமீட்டர் நீர்க்கட்டி, சாதாரண வகை. படங்களையும் வாங்கிப் பார்த்தேன். அம்மா, இதை மட்டும் நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றேன்.