பைப்பர் உடுப்பு: காசு எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி ஊதும் குழல்) வாசிக்கும் பைப்பர்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு உடையான கில்ட்டைத் தைப்பதும், பழைய கில்ட்டைப் பிரித்துச் சரிசெய்வதும்தான் என் பிழைப்பு. ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் பேக்பைப், மேளக் குழுக்களுக்கான உலக பைப் பேண்ட் போட்டி நடக்கும். அதற்கு முந்தைய சில வாரங்கள் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. வருகிறவர்களில் இப்போது நம் ஆட்களும் உண்டு. பிள்ளை பள்ளியில் பேக்பைப் கற்றுக்கொள்கிறது, பேண்டில் சேர்த்துவிட்டார்கள், உடுப்பு வேண்டும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆன்லைன்ல அம்பது பவுண்டுக்குப் போட்டிருக்கான். நீங்க அறுநூறு சொல்றீங்களே, ஏன்ணா?"

நியாயமான கேள்விதான். கணக்கைப் பிரித்தே காட்டிவிடுகிறேன்.

பெரியவர் ஒருவருக்கு மரபான கில்ட் என்றால் 8 கெஜம் துணி. இன்றைய தறிகளில் துணி இரட்டை அகலத்தில் வருவதால் 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுப்போட்டுத் தைக்கிறோம். நல்ல கம்பளி டார்டன் (கட்டம்போட்ட ஸ்காட்லாந்துத் துணி) சில்லறையில் மீட்டர் 40 முதல் 80 பவுண்டு வரை போகும். நடுவில் 55 என்று வைத்தாலும் துணிக்கே 200 பவுண்டு ஆகிவிடும். அப்புறம் கை வேலை. கை பழகியவர் உட்கார்ந்தாலும் முழுக் கைத்தையல் கில்ட் 20 மணி நேரத்துக்குக் குறையாது. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. கில்ட் தைப்பவருக்கு வெறும் அந்தக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாலே 244 பவுண்டு. ஆக 444. இன்னும் தோல் வார், பக்கிள், உள்ளே வைக்கும் கேன்வாஸ், லைனிங் எதையும் சேர்க்கவில்லை. கடை வாடகையும் சேரவில்லை. இதன் மேல் 20 சதவீதம் வாட் (விற்பனை வரி) போட்டால் 530-ஐத் தாண்டிவிடும். (சின்னப் பிள்ளைகளின் அளவு உடைகளுக்கு வாட் கிடையாது. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.)

எனவே "சுத்தக் கம்பளி, 16 அவுன்ஸ், 8 கெஜம், கைத்தையல், விலை 69 பவுண்டு" என்று எங்காவது பார்த்தால் (16 அவுன்ஸ் என்பது இரட்டை அகலத் துணியில் ஒரு கெஜத்தின் எடை), அந்த வரியில் ஏதோ ஒரு சொல் பொய். பல சமயம் எல்லாச் சொல்லும்.

ஒரு அப்பா அப்படி வாங்கிய கில்ட் ஒன்றை எடுத்துவந்தார். மழையில் ஒரு அணிவகுப்பு போய்வந்த பிறகு மடிப்பெல்லாம் அவிழ்ந்து பாவாடை மாதிரி விரிந்துவிட்டது, இஸ்திரி போட்டால் சரியாகுமா என்றார். முதலில் தராசில் வைத்தேன், ஒரு கிலோவைத் தொடவில்லை. கீழ் ஓரத்தைப் புரட்டினால் மடித்து மெஷினில் ஹெம் அடித்திருந்தது. இடுப்பில் பக்கிள் அழகுக்கு மட்டும், பிடிப்பெல்லாம் வெல்க்ரோ. லைனிங்கைக் கொஞ்சம் பிரித்தேன். உள்ளே கேன்வாஸ் கிடையாது, சூடுவைத்து ஒட்டும் மெல்லிய தாள் மட்டும். மடிப்பு ஒவ்வொன்றின் ஆழமும் ஒரு விரற்கடை. நல்ல கில்ட்டில் ஒரு மடிப்புக்குள் டார்டனின் ஒரு முழுக் கட்டம், அதாவது ஐந்தாறு அங்குலத் துணி, ஒளிந்திருக்கும். அந்த ஆழம்தான் நடக்கும்போது கில்ட்டை வீசி ஆட வைத்துத் திரும்பத் தன் இடத்துக்குக் கொண்டுவருகிறது. இதில் வீசுவதற்குத் துணியே இல்லை. துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக், செயற்கை இழை. சூடான இஸ்திரி வைத்தால் பளபளவென்று மினுங்கிப் போகும், மடிப்பு நிற்காது. வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மாதிரிச் சரக்கில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வருகிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சியால்கோட் தையல்காரர்களைக் குறை சொல்வது ஸ்காட்லாந்தில் ஒரு பொழுதுபோக்கு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேக்பைப்பையே பெருமளவில் செய்கிற ஊர் அது. நல்ல கம்பளியும் நியாயமான கூலியும் கொடுத்தால் நல்ல கில்ட் தைக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அக்ரிலிக் துணியில் 'கம்பளி' என்ற சீட்டைக் குத்தி, எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் சுற்றுலாக் கடை விலைக்கு விற்பவர்தான் ஏமாற்றுகிறார். துணியில் என்ன இழை எத்தனை சதவீதம் என்று சீட்டில் போட வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். எந்த நாட்டில் தைத்தது என்று போட வேண்டிய கட்டாயம் கிடையாது. 'ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது' என்ற வாசகத்தைப் பார்த்தால், எங்கே நெய்தீர்கள், எங்கே தைத்தீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். செல்கர்க்கில் லாக்காரன், பெர்த்தின் ஹவுஸ் ஆஃப் எட்கர் என்று ஆலையின் பெயரைப் பட்டெனச் சொல்லும் கடையை நம்பலாம். யார்க்ஷயரின் மார்ட்டன் மில்ஸ் என்றாலும் பரவாயில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்துதான், ஆனால் துணி நல்ல துணி.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், நான் முதலில் பார்ப்பது கீழ் ஓரத்தை. கில்ட் துணிக்குப் பட்டுப் புடவைக் கரைபோல ஓரத்தைத் தறியிலேயே இறுக்கி நெய்து முடித்திருப்பார்கள். மரபான கில்ட்டை அதனால் மடித்து அடிப்பதில்லை, ஓரம் அப்படியே தொங்கும். பெரியவர் கில்ட்டில் ஹெம் இருந்தால், துணி கில்ட்டுக்காக நெய்யப்பட்டதாக இருக்காது. அடுத்தது எடை. 16 அவுன்ஸ் துணி 4 கெஜம் என்றால் 64 அவுன்ஸ், ஏறக்குறைய 1.8 கிலோ. 13 அவுன்ஸ் துணியானால் ஒன்றரைக் கிலோ. வெட்டியதும் சேர்த்ததும் போகக் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் பாதியாகக் குறையாது. சமையலறைத் தராசே போதும். வாங்கும் முன் எடை என்ன என்று கேட்டு எழுதுங்கள், பதில் வராத கடையை விட்டுவிடலாம். பின்பக்கம் மடிப்புகளைப் பார்க்கும்போது, கட்டங்கள் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்கு அறுபடாமல் தொடர வேண்டும். பட்டாள வழக்கப்படி ஒரே கோடு எல்லா மடிப்பிலும் வரும்படி தைத்ததானால், அந்தக் கோடு இடுப்பிலிருந்து கீழ்வரை நேராக இறங்க வேண்டும். இடுப்பை நோக்கி மடிப்புகள் குறுகும் இடத்தில்தான் கை தெரியும். அவசரத்தில் தைத்தவர் கோட்டை அங்கேதான் கோணலாக விடுவார்.

இதெல்லாம் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போடுகிறவருக்குத் தேவையா என்றால், இல்லை. அவர் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பைப் வாசிப்பவர் நிலைமை வேறு. ஸ்காட்லாந்து மழையில் மணிக்கணக்கில் நிற்கிறார். காற்று அடிக்கும்போது இரண்டு கையும் பைப்பில் இருக்கிறது, கில்ட்டைப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. கனமான 16 அவுன்ஸ் துணி அங்கே ஆடம்பரம் இல்லை. கம்பளி நனைந்தாலும் குளிரைத் தாங்கும், காய்ந்ததும் மடிப்பு இருந்த இடத்துக்குப் போய்விடும்.

பைப்பர் உடுப்பு தேயும் இடங்களும் தனி. பை இடது அக்குளில் இருப்பதால் ஜாக்கெட்டின் இடது விலா முதலில் போகும். அதனால் வெள்ளி பட்டன் பளபளக்கும் பிரின்ஸ் சார்லி ஜாக்கெட் வாசிப்புக்கு வேண்டாம் என்பேன். அது விருந்து உடுப்பு, கைக்குழியும் இறுக்கம். போட்டிக்கு வரும் பேண்டுகளில் பெரும்பாலானவை சட்டை, டை, வெயிஸ்ட்கோட் என்று போவதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல, கை தாராளமாக அசைய வேண்டும். ஸ்போரனை (கில்ட்டின் முன்னால் தொங்கும் பை) கட்டும் சங்கிலியையும் கவனியுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஓடும் அந்த உலோகச் சங்கிலி ஒவ்வொரு அடிக்கும் மடிப்புகளின் மேல் அரம்போல உரசும். சில பருவங்களில் அங்கே நூல் தெரிய ஆரம்பிக்கும். தோல் வாருக்கு மாற்றிவிடுங்கள். அறுநூறு பவுண்டு துணியை மலிவான ஒரு சங்கிலி தின்பதைப் பார்க்க எனக்கு வயிறெரியும். பக்கமேளக்காரர்களுக்கு இடது தொடையில் மேளம் உரசும் இடத்தில் இதே கதை.

ஆனால் எதையும் வாங்கும் முன் பேண்டைக் கேளுங்கள். பெரும்பாலான பேண்டுகள் கில்ட்டைத் தாங்களே வைத்திருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும், விலகும்போது திருப்பித் தர வேண்டும். சாக்ஸ், ஷூ மட்டும் நீங்கள் வாங்கினால் போதும் என்பார்கள். கேட்காமல் ஆயிரம் பவுண்டுக்கு முழு செட் வாங்கி வந்த பிறகு, பேண்டின் டார்டன் வேறு என்று தெரியவருவது அடிக்கடி நடக்கிறது.

பேண்ட் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் எப்போதும் கிடைக்கும் டார்டனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தனக்கென்றே ஒன்றை வடிவமைத்து ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் பதியலாம், 2009 முதல் அரசுப் பதிவேடே இருக்கிறது, ஆசையும் புரிகிறது. ஆனால் தனி டார்டன் என்றால் ஆலை குறைந்தபட்ச நீளம் நெய்யச் சொல்லும். நாலு வருடம் கழித்துப் புதிதாக இருவர் சேரும்போது அதே சாயம் அதே நிறத்தில் விழாது. வரிசையில் நிற்கும்போது அந்த இரண்டு கில்ட் மட்டும் தனியாகத் தெரியும். தனி டார்டன்தான் என்று முடிவு செய்தால், முதல் நெசவிலேயே சில கில்ட்டுக்கான துணியைக் கூடுதலாக வாங்கி, பூச்சி அண்டாமல் கட்டி வைத்துவிடுங்கள்.

இறகுத் தொப்பி, தோளில் சுற்றும் முழுப் போர்வை, ப்ரோச், குதிரைமுடி ஸ்போரன், வெள்ளை ஸ்பாட்ஸ் (ஷூவுக்கு மேல் மாட்டும் உறை) எல்லாம் சேர்ந்த பட்டாளக் கோலத்தைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் வருகிறார்கள். தீக்கோழி இறகில் செய்த தொப்பி ஒன்றே பல நூறு பவுண்டு. தனியாக வாசிக்கும் பைப்பர் கல்யாணங்களுக்குப் போய்ச் சம்பாதிக்கிறார் என்றால் சரி, அந்தக் கோலத்துக்குத் தனிக் கூலி கேட்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

கில்ட்டைத் தவிர மற்றதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். ஸ்போரன் சாதாரணத் தோலில் போதும். பழைய சீல் (கடல்நாய்) தோல் ஸ்போரனை யாராவது குறைந்த விலைக்குத் தந்தால் யோசியுங்கள்: 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தால் அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது, பேண்டோடு பயணம் போகும்போது சிக்கல். க்ளென்காரி தொப்பி நடுத்தர விலையில் எடுத்தாலே நிற்கும். சாக்ஸில் கம்பளி கலந்ததாகப் பார்த்து இரண்டு ஜோடி வாங்குங்கள். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஈரப் புல்லில் நாள் முழுக்க நிற்கும் பாதம் அது, அடித்தோல் தைத்ததா ஒட்டியதா என்று பாருங்கள். சாக்ஸில் செருகும் ஸ்கீயன் டூ கத்தியை, தேசிய உடையின் பகுதியாக அணிய ஸ்காட்லாந்துச் சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் அது கைப்பையில் போகாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு அலகு இல்லாத பிளாஸ்டிக் பிடியே போதும்.

வளரும் பிள்ளைக்குப் புதுக் கில்ட் தைப்பதை நான் பெரும்பாலும் தடுத்துவிடுவேன். அப்படியே தைத்தாலும் இடுப்பில் துணி விட்டு, நீளத்துக்கு உள்ளே ஒரு பிடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பிரித்துப் பிரித்து விடலாம். அதைவிட நல்லது, பழைய கம்பளிக் கில்ட். அக்ரிலிக்குக்கு மேலே கொஞ்சம் போட்டால் இருபது வருடப் பழைய நல்ல கில்ட் கிடைக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முன்புறம் ஸ்போரன் உரசும் இடத்தில் துணி மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இடுப்பை ஓரிரு அங்குலம் கூட்டவோ குறைக்கவோ வாரை இடம் மாற்றினால் போதும், சின்ன வேலை. கீழே மடித்த துணி இல்லாததால் நீளத்தைக் கூட்ட வழியில்லை, அது மட்டும் பொருந்தியே ஆக வேண்டும்.

அளவு எடுக்கும்போது கால்சட்டை சைஸைச் சொல்லாதீர்கள். கில்ட் தொப்புள் உயரத்தில் கட்டுவது, அங்கே சுற்றளவு எப்போதும் வேறு. டேப்பைத் தொப்புளில் சுற்றி ஒன்று, புட்டம் அகலமான இடத்தில் சுற்றி ஒன்று, தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை ஒன்று என மூன்று அளவு வேண்டும். வேறு யாராவது எடுக்க வேண்டும், நீங்களே குனிந்து எடுத்தால் நீளம் தப்பும்.