ஈமோ ராப்: அழுமூஞ்சிப் பாட்டா, புலம்பா?

லில் பீப் என்ற அமெரிக்கப் பாடகரின் புருவத்துக்கு மேலே ஒரு சொல் பச்சை குத்தியிருந்தது: கிரைபேபி. நம் பேச்சில் அழுமூஞ்சி. அவர் பாடிய ஈமோ ராப் என்ற சோகப் பாட்டு வகையை வெளியிலிருந்து கேட்பவர்கள் எந்தச் சொல்லால் ஏசுகிறார்களோ, அதையே அவர் முகத்தில் எழுதிக்கொண்டார்.

ஈமோ என்பது ‘எமோஷனல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. அதன் லத்தீன் வேருக்கு வெளியே நகர்த்துவது, கிளறுவது என்று பொருள். 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரத்தில் பங்க் என்ற ஆவேசமான ராக் இசையை வாசித்த குழுக்களில் சில, ஊர்க்கோபத்தை விட்டுவிட்டு மனக்காயத்தைப் பாடத் தொடங்கின. அவற்றுக்கு மற்றவர்கள் ஒட்டிய பெயர்தான் ‘ஈமோகோர்’. அதற்கு முன்னோடி எனப்படும் ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவே அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர் பிறந்தபோதே வசவின் வாடை இருந்தது. அது அப்புறமும் போகவில்லை. 2008இல் பிரிட்டனில் ஒரு செய்தித்தாள் ஈமோவைத் தற்கொலையோடு முடிச்சுப்போட்டு எழுத, கறுப்பு உடுத்திய ஈமோ ரசிகப் பிள்ளைகள் லண்டன் தெருவில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ராப் என்றால் முதலில் தட்டுவது. கறுப்பின அமெரிக்கர் பேச்சில் அது பேசுவது என்றாகி, பிறகு தாளத்தோடு பேசுவது என்றானது. இதற்குத் தமிழில் சொல்லிசை என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

இரண்டும் 2010களின் நடுவில் யாரும் தம் பாட்டை ஏற்றக்கூடிய சவுண்ட்கிளவுட் இணையதளத்தில் சேர்ந்தன. சோகமான கிட்டார் துணுக்கு திரும்பத் திரும்ப வரும், அடியில் கனத்த டிரம், மேலே பாட்டுக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு குரல். ராப் ரசிகர்கள் இதை ராப் இல்லை என்றார்கள். பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன்: லில் பீப் 2017இலும், இன்னொரு ஈமோ ராப் பாடகரான ஜூஸ் வேர்ல்ட் 2019இலும் போதைப்பொருளால் இறந்தார்கள், இருவருக்கும் வயது 21. ஆனால் ஜூஸ் வேர்ல்ட் எங்கும் சொல்லிவந்த 999 என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். சாத்தானின் எண்ணாகச் சொல்லப்படும் 666ஐத் தலைகீழாகத் திருப்பியது அது. கெட்டதை நல்லதாக மாற்றுவது என்று அவரே பொருள் சொன்னார். இருட்டை மட்டும் கேட்டவர்களுக்கு இது காதில் விழவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘உணர்ச்சிச் சொல்லிசை’ பொருந்தாது. உணர்ச்சி இல்லாத பாட்டு ஏது? ‘சோகச் சொல்லிசை’ பரவாயில்லை, ஆனால் அதில் தனிமை இல்லை. ஒப்பாரி என்பதும் தவறு. அது ஊர்ப் பெண்கள் கூடி, தோள் பிடித்து, இறந்தவருக்காகப் பாடுவது. இங்கே பாடுகிறவன் அறையில் தனியாக இருக்கிறான், தனக்காகவே அழுகிறான்.

எனக்குத் தோன்றும் சொல் புலம்பு. இன்று “சும்மா புலம்பாதே” என்று வாயை அடைக்கத்தான் அதை எடுக்கிறோம். தொல்காப்பியமோ சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியல் பகுதியில் ‘புலம்பே தனிமை’ என்கிறது. தனித்திருப்பதும் வாய்விட்டு அரற்றுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வெளியாட்களின் வசவும் உள்ளே இருப்பவனின் நிலையும்கூட. அதனால் ஈமோ ராப்பைப் புலம்புச் சொல்லிசை என்பேன். பாடுபவர் புலம்புச் சொல்லிசைஞர். ‘புலம்பல்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அதில் இன்று வசவுதான் கேட்கிறது.