50.2 ஹெர்ட்ஸில் ஒளிந்திருந்த ஆபத்து

மாடியில் சோலார் போட்டவர்கள் முதல் கரண்ட் கட்டின்போது குழம்பிப் போவார்கள். வெயில் கொளுத்துகிறது, பேனல் அப்படியே இருக்கிறது, ஆனால் ஃபேன் நின்றுவிட்டது. பேட்டரி இல்லாமல் நேரடியாகக் கிரிட்டோடு (ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுவரும் லைன்களின் வலையோடு) இணைத்த இன்வெர்ட்டர் அப்படி நின்றுதான் ஆக வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பியைத் தொடும் நேரத்தில், ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் வந்தால் அவர் உயிர் போய்விடும்.

கரண்ட் போனது இன்வெர்ட்டருக்கு எப்படித் தெரிகிறது? பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதைத் திசை மாறி மாறி ஓடும் ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், வினாடிக்கு 50 முறை (அதாவது 50 ஹெர்ட்ஸில்) ஏறி இறங்கும் கிரிட்டின் அலையைக் கவனித்து, அதோடு ஒத்துப்போகிறது. அந்த அலை மறைந்தால் நின்றுவிடலாம். ஆனால் ஒரு தெருவின் மாடிகள் தரும் மின்சாரமும் வீடுகள் இழுக்கும் மின்சாரமும் தற்செயலாகச் சமமாக இருந்தால்? மெயின் லைன் துண்டான பிறகும் அந்தத் தெரு ஒரு தனித் தீவாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பல இன்வெர்ட்டர்கள் அலையின் வேகத்தை அவ்வப்போது லேசாகத் தள்ளிப் பார்க்கின்றன. தேர் வடத்தை ஒரே ஒருவர் இழுத்தால் தேர் அசையுமா? கிரிட் இருக்கும்வரை அலையும் அசையாது. அசைந்துவிட்டால் கிரிட் இல்லை என்று பொருள். இன்வெர்ட்டர் உடனே விலகிக்கொள்ளும்.

'சந்தேகம் வந்தால் விலகு' என்ற இந்த விதி ஒரு வீட்டுக்கு மிகச் சரி. லட்சக்கணக்கான வீடுகளுக்கு? ஜெர்மனி இதில்தான் மாட்டிக்கொண்டது.

கிரிட்டில் உற்பத்தி தேவையை மிஞ்சினால் அதிர்வெண் (அலை வினாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்ற எண்) ஏறும், குறைந்தால் இறங்கும். 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வீட்டு சோலார் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே அன்றைய விதி. சோலார் அபூர்வமாக இருந்த காலத்தில் எழுதியது என்பதால், எழுதியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2011 முடிவில் அந்த நாட்டின் சோலார் திறன் ஏறத்தாழ 25,000 மெகாவாட். ஐரோப்பியப் பெருநிலத்தின் கிரிட் முழுவதற்கும் சில வினாடிகளில் கைகொடுக்கும் இருப்போ 3,000 மெகாவாட்தான். இரண்டு பெரிய அணு உலைகள் ஒரே சமயத்தில் நின்றாலும் தாங்க வேண்டும் என்று போட்ட கணக்கு அது. நல்ல வெயிலடிக்கும் மதியத்தில் அதிர்வெண் 50.2-ஐத் தொட்டிருந்தால், அதைப் போலப் பல மடங்கு உற்பத்தி ஒரே நொடியில் காணாமல் போயிருக்கும்.

50.2 வரை ஏறுமா என்று கேட்கலாம். 2006 நவம்பர் 4 இரவு ஏறியது. ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றில் ஒரு புதிய கப்பல் கடந்து போவதற்காக, மேலே செல்லும் உயரழுத்த லைனை நிறுத்தினார்கள். சுமை மற்ற லைன்களுக்குத் தாவி, அவை ஒன்றன்பின் ஒன்றாக டிரிப் ஆகி, ஐரோப்பிய கிரிட் மூன்று துண்டானது. மேற்கே மின்சாரம் போதாமல் சுமார் 1.5 கோடி வீடுகள் இருண்டன. வடகிழக்கே உபரியால் அதிர்வெண் 51-ஐயும் தாண்டியது. இரவு என்பதால் சோலாருக்கு அதில் பங்கில்லை.

விதி மாறியது. 50.2-ஐத் தாண்டினால் துண்டிக்கக் கூடாது. ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற கணக்கில் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 51.5-ல்தான் முழுத் துண்டிப்பு. ஏற்கெனவே மாட்டியிருந்தவற்றை என்ன செய்வது? 2012-ல் தனி ஆணை போட்டு, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3 லட்சம் அமைப்புகளைத் திருத்தக் கிளம்பினார்கள். படிப்படியாகக் குறைக்கத் தெரியாத பழைய இன்வெர்ட்டர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு துண்டிப்பு எல்லை வைத்தார்கள். எல்லாம் ஒரே நொடியில் விலகாது அல்லவா? செலவு மின்கட்டணம் வழியாக மக்கள் தலையில்தான் விழுந்தது.

2024-ல் இந்தியா 1 கோடி வீடுகளில் சோலார் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாட்ட வருபவர் இன்வெர்ட்டர் மெனுவில் எந்த நாட்டு கிரிட் விதி என்று தேர்ந்தெடுப்பார். எந்த அதிர்வெண்ணில் விலகுவது, எந்த மின்னழுத்தம்வரை பொறுப்பது எல்லாம் அந்த ஒரு தேர்விலிருந்து வருகிறது. அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.