ஃபுகாய்டன்: பாசிக்குள் ஒரு பிசின்

கோட்டையூரில் இருக்கும் என் அயித்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. இதற்கிடையில் மலேசியாவிலிருந்து மாப்பிள்ளை ஒரு மாத்திரை டப்பா அனுப்பியிருந்தார். மேலே பழுப்பாக ஓர் இலைப்படம், கீழே ‘ஃபுகாய்டன்’. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்த அயித்தை என்னைப் பார்த்தார்.

“ஏப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?”

“கடல் பாசியில எடுக்கிறது அயித்தை.”

“பாசின்னா? நோன்புக்குக் காய்ச்சுவாங்களே, அதுவா?”

அது வேறு. நோன்புக்குக் காய்ச்சுவது அகர் அகர். சிவப்புப் பாசியிலிருந்து வருவது. பெயர் மலாய்ச் சொல். கடல் கடந்து கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது வணிகத்துக்குப் போனவர்கள் ஊரில் மலாய்ச் சொல்லுக்குப் பஞ்சமா என்ன! ஃபுகாய்டன் பழுப்புப் பாசியில் இருப்பது. ராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்கிறார்களே, அந்த வகை.

சொல்லின் கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. ‘ஃபூகோஸ்’ என்றால் கடற்பாசி. பெண்கள் கன்னத்தில் பூசிய சிவப்புச் சாயத்துக்கும் அதே பெயர். லத்தீனில் அது ‘ஃபூகஸ்’ ஆனது. அங்கே பாசி, சாயம் என்ற பொருள்களோடு ‘ஏமாற்றுப் பூச்சு’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் பழுப்புப் பாசிப் பேரினம் ஒன்றுக்கு அறிவியலார் அந்தப் பெயரையே வைத்தார்கள். 1913இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹரால்ட் கைலின், பழுப்புப் பாசியிலிருந்து வழவழப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ‘ஃபுகாய்டின்’ என்றார். அது கூட்டுச்சர்க்கரை வகை என்பதால், அத்தகைய பொருள்களுக்குரிய ‘அன்’ விகுதி பிறகு வந்து சேர்ந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். செய்திகளில் இதைக் ‘கடல் தாவர மருந்து’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. பழுப்புப் பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, இலையும் இல்லை. உறவுமுறையில் அது மரம் செடிகளுக்கு வெகு தூரத்துச் சொந்தம். தொண்டிப் பக்கம் கடலடியில் வளரும் கடற்புல்தான் நிஜமான தாவரம். தமிழ் இதில் எப்போதோ தெளிவாக இருந்திருக்கிறது. பாசிச்செடி என்று யாராவது சொல்கிறோமா? பாசி பிடிக்கும், படரும், அவ்வளவுதான். குறுந்தொகை 399இல் பரணர் காட்டும் தலைவி, பிரிவால் தன் மேனியில் படரும் பசலையை ஊருண் கேணிப் பாசிக்கு ஒப்பிடுகிறாள். காதலன் தொடத் தொட விலகுகிறது, கையை எடுத்ததும் மூடிக்கொள்கிறது. எங்கள் ஊருணியில் குடத்தை அமுக்கித் தண்ணீர் மொண்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ‘பசுமை’யின் வேர்தான் பாசிக்கும், பாசிப்பயறுக்கும்.

ஆனால் பாசி என்ற சொல்லிலும் வம்பு உண்டு. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்தது உண்மையில் பாக்டீரியா. கடல்முயல் என்ற நத்தையினப் பிராணியில் கிடைத்த டோலாஸ்டாட்டின் என்ற புற்றெதிர்ப்புப் பொருள், அது மேய்ந்த அந்த நீலப்பச்சைப் பாசியின் சரக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. தனியாகக் கொடுத்தால் உடம்பு தாங்காத நஞ்சு. அதை ஒத்த ஒன்றைச் செயற்கையாகச் செய்து, எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) கோத்து உருவாக்கிய மருந்துக்கு ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்தப் புற்றுக்கு 1969இல் வந்த சைட்டராபினுக்கு வழிகாட்டியது கரீபியக் கடற்பஞ்சு. அது விலங்கு. அதையும் ‘கடல் தாவரம்’ கணக்கில் எழுதுவதை என்னவென்று சொல்ல?

ஃபுகாய்டன் அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை. ஆய்வகக் கிண்ணத்தில் புற்றுச் செல்களைத் தாமாக மடியச் செய்கிறது, எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தணித்திருக்கிறது. மனிதரிடம் புற்றைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை. டப்பாவில் வருவது துணை உணவு என்ற பெயரில்தான். கந்தகம் ஏறிய சர்க்கரை என்பதால் ஹெப்பாரின் என்ற மருந்தைப் போல இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு.

பெயருக்கு முதலில் ‘பழுப்புப்பாசிச் சர்க்கரை’ என்றேன். சர்க்கரை என்றதும் அயித்தை டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அந்த வியாதியும் இருக்கிறது. ‘பாசிச்சாறு’ என்றால் எந்தப் பாசியைப் பிழிந்ததும் ஆகிவிடும். கடைசியில் ‘பழுப்புப்பாசிப் பிசின்’ என்று வைத்தேன். ஆல்ஜினேட்டும் பழுப்புப் பாசிப் பிசின்தான் என்று வேதியியல்காரர்கள் மடக்கலாம். அதனால் முதல் தடவை ‘ஃபுகாய்டன் என்ற பழுப்புப்பாசிப் பிசின்’ என்று முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் பாசிப் பிசின் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் டப்பாவைக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் முடியிற வரைக்கும் இதைத் தொடாதீங்க ஆச்சி” என்றார். இப்போது அது இரண்டாம் கட்டு அலமாரியில், பிரிக்காமல் இருக்கிறது. மேலே அயித்தை கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘பாசிப் பிசின். கேட்காமல் எடுக்கக்கூடாது.’